வேலை கிடைத்த பின்

நம் பங்குகளில் ஆண்டுதோறும் ஒப்புக்கொடுக்கப்படும் திருப்பலிக் கருத்துகளுள் இரண்டு தவறாமல் இடம்பெறுகின்றன. ஒன்று, மகனுக்கோ மகளுக்கோ வேலை கிடைக்க வேண்டும் என்னும் மன்றாட்டு. மற்றொன்று, வேலை கிடைத்ததற்கான நன்றி. பணி நியமன ஆணையைப் பீடத்தின்மேல் வைத்து ஆசி பெற்றுச் செல்லும் பெற்றோரின் முகத்தில் தெரியும் நிறைவு பல ஆண்டு உழைப்பின் பலன். பல இரவுக் கண்ணீரின் பலன். அதை எவரும் எளிதாக எண்ணிவிடலாகாது. ஆயினும் அந்த நன்றித் திருப்பலியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பணியில் சேர்ந்த பிள்ளை அப்பணியில் வளர வேண்டும் என்று மன்றாடுவோர் அரியர். வேலை கிடைத்ததும் பிள்ளை கரையேறிவிட்டதாகச் சொல்கிறோம். உண்மையில் அன்றுதான் பிள்ளை ஆற்றில் இறங்குகிறது.

'தொழில்முறை வளர்ச்சி' என்னும் சொல் இன்று அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அடிக்கடி கேட்கிறது. பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன, மணிக்கணக்கும் வைக்கப்படுகிறது. மருத்துவர்களின் நன்னடத்தை பற்றிய 2002ஆம் ஆண்டு விதிமுறைகள், ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை 30 மணி நேரமாவது அவர்கள் தொடர்கல்வி பெற வேண்டும் என்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் இதற்கென ஒதுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. இவை நல்லவையே. ஆனால் மணிகளைக் கூட்டினால் வளர்ச்சி கிடைத்துவிடுமா? வளர்வது எது, யாருக்காக வளர்கிறது என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. இவை அறநெறி சார்ந்த வினாக்கள், நம்பிக்கை சார்ந்தவையும்கூட.

நான்காவது குரல்

நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமான ஒரு பணியை எடுத்துக்கொள்வோம். நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்து, செவிலியர் மன்றத்தில் பெயரைப் பதிவு செய்து, முதன்முறையாகப் பொறுப்புள்ள செவிலியராக ஒரு வார்டுக்குள் நுழையும் இளம் பெண்ணை நினைத்துப் பார்ப்போம். அவர் காதில் மூன்று குரல்கள் விழுகின்றன. வீட்டின் குரல் கல்விக் கடனை நினைவூட்டுகிறது. நிறுவனத்தின் குரல் இன்றைய வேலையை இன்றே முடிக்கச் சொல்கிறது. தோழியரின் குரல், இரண்டாண்டு அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆங்கிலத் தேர்வெழுதி வெளிநாடு செல்லும் வழியைச் சொல்கிறது.

மூன்று குரல்களுக்கும் அவற்றுக்குரிய நியாயம் உண்டு. ஆனால் நான்காவதாக ஒரு குரலும் உண்டு. அது கட்டிலில் கிடப்பவருடைய குரல். பெரும்பாலும் அது மெலிந்த குரல்; மயக்கத்தில் இருப்பவருக்கோ அந்தக் குரலும் இல்லை. இந்த நான்காவது குரலுக்குச் செவிசாய்க்கும் ஆற்றல் ஆண்டுக்காண்டு கூடுமானால் அதுவே பணியில் வளர்ச்சி. மற்ற மூன்றும் உயர்ந்து இது மட்டும் குன்றுமானால், அதை முன்னேற்றம் எனலாம். வளர்ச்சி எனல் ஆகாது.

வளர விரும்புவது ஆணவமா?

பக்தியுள்ள சிலருக்கு இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். கடவுள் கொடுத்ததில் மனநிறைவு கொள்வதல்லவா கிறிஸ்தவப் பண்பு? மேலும் மேலும் உயர வேண்டும் என்று விரும்புவது செருக்குக்கு இடம் கொடுப்பதாகாதா?

தாலந்து உவமையை (மத் 25:14-30) நினைவுகூர்வோம். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் ஊதியம். ஆகவே மிகக் குறைவாகப் பெற்ற பணியாளன்கூட ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்புக்கு ஈடான செல்வத்தைக் கையில் பெற்றான். அவன் அதைத் திருடவில்லை; ஊதாரித்தனமாகச் செலவழிக்கவுமில்லை; அப்படியே திருப்பிக் கொடுத்தான். நம் ஊர்க் கணக்கில் அவன் நேர்மையானவன். ஆயினும் தலைவர் அவனைக் கண்டித்தார்.

புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இந்தப் பணியாளனைச் சிற்றுள்ளம் என்னும் குற்றத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். தன் ஆற்றலுக்கு உட்பட்டதைக்கூடச் செய்யாமல் அச்சத்தால் பின்வாங்குவது சிற்றுள்ளம். தன் ஆற்றலுக்கு மீறியதை நாடுவது துணிச்சல் மிக்க செருக்கு. இரண்டுமே நெறி பிறழ்தல் என்பது அவர் கருத்து. இவ்விரண்டுக்கும் மாறாக நிற்பது பேருள்ளம். பேருள்ளமும் தாழ்ச்சியும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்றும் அவர் விளக்குகிறார். கடவுளிடமிருந்து பெற்ற கொடைகளை நோக்கும்போது மனிதர் பெரியவற்றுக்குத் தம்மைத் தகுதியுள்ளவராக எண்ணுகிறார். தம் குறைகளை நோக்கும்போது தாழ்ச்சி கொள்கிறார். ஒரே உள்ளத்தில் இரண்டும் வாழ முடியும்.

"எனக்கு இவ்வளவுதான் வரும், சாமி" என்று இருபத்து மூன்று வயதிலேயே சொல்லும் இளைஞரைக் காணும்போது அதைத் தாழ்ச்சி என்று பாராட்டிவிடுகிறோம். அது மண்ணில் புதைத்த தாலந்தாகவும் இருக்கலாம். தம் வாழ்வில் எளிமையாக இருப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. தம்மை நம்பி வருவோருக்கு அரைகுறையாகப் பணிபுரிய எவருக்கும் உரிமை இல்லை.

அன்பு மட்டும் போதுமா?

திருச்சபையின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் உண்டு. ஆஸ்திரியாவின் தீரோல் பகுதியில் 1892இல் பிறந்த அன்னா டெங்கல், மருத்துவம் பயின்று, 1920இல் அன்றைய பிரிக்கப்படாத இந்தியாவின் இராவல்பிண்டிக்கு வந்தார். ஆண் மருத்துவரிடம் செல்ல வழக்கம் இடம் தராததால், அங்குள்ள முஸ்லிம் பெண்கள் மகப்பேற்றின்போது உதவியின்றி உயிரிழப்பதை அவர் கண்டார். அந்நாளில் வாக்குறுதி அளித்த துறவியர் மருத்துவமும் மகப்பேற்றுப் பணியும் செய்வதற்குத் திருச்சபைச் சட்டம் தடையாக இருந்தது. நல்ல மனத்தோடு நோயாளிக்கு அருகில் அமர்வதற்குத் துறவியர் பலர் இருந்தனர். முறையாகப் பயின்று அவர்களைக் காப்பாற்றுவதற்கே ஆள் இல்லை. 1925இல் டெங்கல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகளின் சபையை வாஷிங்டனில் தொடங்கினார். மருத்துவப் பணியை முழுமையாகச் செய்யும்பொருட்டு, அச்சகோதரிகள் முறையான பொது வாக்குறுதிகள் இன்றியே வாழ்ந்தனர். 1936இல் உரோமை அத்தடையை நீக்கியது.

இதில் பொதிந்துள்ள உண்மை ஆழமானது. பிறரன்பு மெய்யானதாக இருந்தால் அது பாடநூலைத் திறக்கும், தேர்வெழுதும், தவறிய இடத்தில் மீண்டும் பயிலும். குழந்தையின் எடைக்கேற்ற மருந்தளவைக் கணக்கிடத் தெரியாத செவிலியரின் கனிவு அக்குழந்தையைக் காப்பாற்றாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, பொதுநிலையினர் தத்தம் துறைகளில் உண்மையான தேர்ச்சி பெற முயல வேண்டும் என்று வலியுறுத்துகிறது. நம்பிக்கையையும் அன்றாடப் பணியையும் இரண்டாகப் பிரித்து வாழ்வதை இக்காலத்தின் கடும் தவறுகளுள் ஒன்றாகவும் அது காண்கிறது. ஞாயிறு மன்றாட்டில் உருக்கமாகவும் திங்கள் பணியில் மெத்தனமாகவும் இருப்பவர் இந்தப் பிளவையே வாழ்கிறார்.

எனினும் தேர்ச்சியோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005இல் எழுதிய 'கடவுள் அன்பாய் இருக்கிறார்' என்னும் சுற்றுமடல் இதைத் தெளிவாக வரிசைப்படுத்துகிறது. துன்புறுவோருக்குப் பணிபுரிபவருக்குத் தொழில் திறமை முதல் தேவை. ஆனால் அது மட்டும் போதுமானதன்று. இதயமும் உருவாக்கப்பட வேண்டும் என்கிறார் அவர். இந்த வரிசை கவனிக்கத்தக்கது. இதயம் இருக்கிறது என்று சொல்லித் திறமையைத் தள்ளிவைக்க முடியாது. திறமை இருக்கிறது என்று சொல்லி இதயத்தை மறந்துவிடவும் முடியாது.

அளக்காமல் எழுதிய எண்

இதயம் எங்கே உருவாகிறது? தியான இல்லத்தில் மட்டுமா? பணியின் நடுவிலும்தான்.

மனிதச் செயல்களை இரு வகையாகப் பிரித்தார் அரிஸ்டாட்டில். அக்குவினாசும் அதை ஏற்றார். ஒரு வகைச் செயலின் விளைவு வெளியே சென்று ஒரு பொருளாக நிற்கிறது. மற்றொரு வகைச் செயலின் விளைவு செய்தவரிடமே தங்கி அவரை நல்லவராகவோ தீயவராகவோ ஆக்குகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றி 1981இல் எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் இந்த அகப்பக்கத்துக்கே முதன்மை தருகிறார். உழைப்பால் உலகம் மாறுகிறது, உழைப்பவரும் மாறுகிறார், இரண்டாவது மாற்றமே மேலானது என்பது அவர் போதனையின் சாரம்.

ஓர் இரவுப் பணியை எண்ணிப் பாருங்கள். விடியற்காலை நான்கு மணி. நோயாளிகள் உறங்குகிறார்கள். ஒவ்வொருவரின் இரத்த அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து குறிக்க வேண்டிய நேரம். செவிலியரின் கால்கள் கெஞ்சுகின்றன. நள்ளிரவில் எடுத்த அளவுகள் ஏட்டில் உள்ளன. அவற்றோடு சற்றே கூட்டியோ குறைத்தோ எழுதிவிட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை. பெரும்பாலான இரவுகளில் அதனால் தீங்கு ஏதும் நேராமலும் போகலாம். அளக்காமலே எண்ணை எழுதிவிடுகிறார்.

அந்த எண்ணால் நோயாளிக்கு நேர்ந்தது என்ன என்பது ஒரு வினா. அந்த எண்ணை எழுதிய கை என்ன ஆயிற்று என்பது மற்றொரு வினா. முதல் இரவில் மனம் உறுத்தும். பத்தாம் இரவில் உறுத்தல் குறையும். ஓராண்டில் அது பழக்கமாகும். பிறகு புதிதாய் வருபவருக்கு அதையே அவர் கற்றும் கொடுப்பார். இதே வார்டில், அதே நான்கு மணிக்கு, இன்னொருவர் எழுந்து சென்று அளக்கிறார், ஒரு முதியவரின் கை சில்லிட்டிருப்பதைத் தொட்டு உணர்கிறார், மருத்துவரை எழுப்புகிறார். இரண்டாண்டு முடிவில் இருவருக்கும் ஒரே அனுபவச் சான்றிதழ் கிடைக்கும். ஒரே முத்திரை, ஒரே கையொப்பம். ஆனால் ஒருவரிடம் வளர்ந்தது கண். மற்றவரிடம் வளர்ந்தது கண்ணை மூடிக்கொள்ளும் கலை.

அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பாட்ரீசியா பென்னர் 1984இல் வெளியிட்ட நூலில், ஒரு செவிலியர் தொடக்க நிலையிலிருந்து வல்லுநர் நிலைவரை ஐந்து படிகளில் வளர்வதாகக் காட்டினார். தொடக்கத்தில் இருப்பவர் விதிகளைப் பற்றிக்கொண்டு நடக்கிறார். ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஊன்றி நின்றவர் எது முதன்மை, எது பின்னர் என்று திட்டமிடும் தகுதியை அடைகிறார். வல்லுநரோ நோயாளியின் நிலையை முழுமையாகப் பார்க்கிறார்; அளவுகள் எச்சரிக்கும் முன்பே ஏதோ சரியில்லை என்பதை உணர்கிறார். ஆண்டுகள் கடந்தால் மட்டும் இந்தப் பார்வை வந்துவிடாது. எதிர்பார்த்ததற்கு மாறாக நடந்ததை ஒவ்வொரு முறையும் கவனித்து, அதிலிருந்து தம்மைத் திருத்திக்கொண்டவருக்கே அது வாய்க்கிறது. அளக்காமல் எழுதுபவரிடம் திருத்திக்கொள்ள எதுவும் இருப்பதில்லை. நோயாளியின் உடல் அவருக்குப் பாடம் சொல்லும் வாயிலை அவரே அடைத்துவிட்டார். ஆகவே நேர்மை என்பது திறமைக்கு வெளியே ஒட்டவைக்கப்படும் அணிகலன் அன்று. திறமை வேர்பிடிக்கும் மண்ணே அதுதான்.

தனியே வளர இயலாது

இதுவரை சொன்னவற்றை இளைஞரின் தோளில் மட்டும் ஏற்றிவைப்பது அநீதியாகும். நேற்றுச் சேர்ந்தவரை இன்றே இரவுப் பணியில் தனியே நிறுத்திவிட்டு, தவறு நேர்ந்ததும் அவரிடம் விளக்கம் கேட்கும் நிறுவனம், தாலந்தைக் கொடுக்காமலே வட்டி கேட்கும் தலைவனை ஒத்தது.

திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரத்தில் ஓர் அழகிய நிகழ்ச்சி உண்டு. அப்பொல்லோ நாவன்மை மிக்கவர், மறைநூலில் புலமை உடையவர், ஆர்வத்தோடு போதித்தார். ஆனால் அவர் அறிவில் ஒரு குறை இருந்தது. கூடாரம் செய்யும் தொழிலாளர்களான பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் அதைக் கேட்டனர். மக்கள் முன்னிலையில் அவரைத் தடுத்துப் பேசவில்லை. நமக்கென்ன என்று விட்டுவிடவும் இல்லை. தங்களோடு அழைத்துச் சென்று இறைவழியை இன்னும் திருத்தமாக எடுத்துரைத்தனர். அப்பொல்லோவும் ஏற்றுக்கொண்டார். மூத்தோர் கற்றுக்கொடுக்கும் பாங்கும் இளையோர் கற்றுக்கொள்ளும் பாங்கும் சில வரிகளுக்குள் அடங்கிவிட்டன.

மூத்த செவிலியர்களும் ஆசிரியர்களும் பொறியாளர்களும் நம் பங்குகளில் பலர் உள்ளனர். தமக்குக் கீழுள்ள இளையவரை எல்லார் முன்னும் கடிந்துகொள்வது எளிது. பத்து நிமிடம் உடன் நின்று சொல்லித்தருவது கடினம். "எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்னும் பழைய கசப்பு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சொத்துப்போல் கைமாறுகிறது. அந்தச் சங்கிலியை யாரேனும் ஒருவர் அறுத்தாக வேண்டும். அதுவும் மறைசாட்சியம்தான்.

நிறுவனங்களின் கடமை இதனினும் பெரிது. நம் மறைமாவட்டங்களும் துறவு சபைகளும் நடத்தும் நிறுவனங்களும் இதில் அடங்கும். உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதலை ஒட்டி 2016இல் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியரின் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் நீதியான ஊதியத்தைப் பற்றி எழுதியதை மேடைகளில் பெருமையோடு நினைவுகூர்கிறோம். நம் ஊதியப் பதிவேடுகள் அப்பெருமைக்குத் தகுதியுடையனவா என்று பார்ப்பது நல்லது. சான்றிதழ்களைப் பிடித்துவைத்து இளையோரை நிறுத்திக்கொள்ளும் வழக்கம் எங்கிருந்தாலும் அது நீதிக்கு ஒவ்வாது. நீதி இல்லாத இடத்தில் 'தியாகம்' என்னும் சொல் மலிவான கூலிக்குப் போர்த்தும் சால்வையாகிவிடும்.

அருள்பணியாளர்களுக்கும் இதே நெறிதான். 1992இல் இரண்டாம் யோவான் பவுல் எழுதிய மடல், குருத்துவ உருவாக்கம் திருநிலைப்பாட்டோடு முடிவதில்லை, வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும் என்று விரிவாகப் பேசுகிறது. இளம் குருக்களின் முதல் ஆண்டுகளுக்கு அது தனிக் கவனம் தருகிறது. 'பயிற்சி' என்பதைவிட 'உருவாக்கம்' என்னும் சொல்லைத் திருச்சபை விரும்புவதற்குக் காரணம் உண்டு. பயிற்சியால் ஒரு வேலையைச் செய்யக் கற்கிறோம். உருவாக்கத்தால் ஒரு மனிதராகிறோம். குருக்களுக்கு வேண்டும் என்று திருச்சபை கண்ட இதை, பொதுநிலையினரின் பணிவாழ்வுக்கும் நாம் விரிவாக்கினால் என்ன?

புறப்படும் வேளை

வெளிநாடு செல்லும் இளையோரைப் பற்றி ஒரு சொல். கடனை அடைக்க, தம்பி தங்கையரைப் படிக்கவைக்க, வீடு கட்டப் புறப்படுவோரைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. பெற்றோரைப் பேணுவது நான்காம் கட்டளை. சிந்திக்க வேண்டியது, புறப்படும்வரை இங்கே கழியும் ஆண்டுகளைப் பற்றியே. தொடர்வண்டிக்குக் காத்திருக்கும் பயணி நடைமேடையைப் பார்ப்பதுபோல் சிலர் தம் முதல் பணியிடத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த வார்டில் படுத்திருப்பவருக்கு அது நடைமேடை அன்று. அவர் வாழ்வின் கடைசி அறையாகவும் இருக்கலாம். இரண்டே ஆண்டுகள் இருந்தாலும் அந்த ஆண்டுகளுக்குரிய நோயாளிகளுக்கு முழுமையாக இருந்தவரே, நாளை எந்த நாட்டு மருத்துவமனையிலும் முழுமையாக இருப்பார். இங்கே அரைமனத்தோடு வாழக் கற்றவர் அங்கேயும் அதையே சுமந்து செல்வார்.

நாசரேத்தின் தச்சுப்பட்டறையில் நம் ஆண்டவர் கழித்த மறைந்த ஆண்டுகளைப் பற்றி நற்செய்தியாளர்கள் மிகச் சிலவே சொல்கிறார்கள். அவர் ஞானத்திலும் வளர்ந்தார் என்று லூக்கா சொல்கிறார் (லூக் 2:52). இறைமகனே வளர்ந்தார் என்றால், வளர்வதில் இழிவு இல்லை. இன்னும் முழுமை பெறாதிருப்பதிலும் இழிவு இல்லை. யாரும் பாராட்டாத ஆண்டுகளில், சுற்றியிருப்போர் வாழ்வுக்குத் தேவையான பொருளைச் செய்யும் கைகளோடு அவர் வளர்ந்தார்.

பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளையோர், இரவு மன்றாட்டின்போது மூன்று வினாக்களைத் தம்மிடம் கேட்டுக்கொள்ளலாம். இன்று என் கையில் ஒப்படைக்கப்பட்டவர் என்னால் பத்திரமாக இருந்தாரா? எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு யாரிடமாவது கேட்டேனா? எவரும் பார்க்காத வேளையில் என் வேலை எப்படி இருந்தது? மேலாளரின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இவ்வினாக்கள் இல்லாதிருக்கலாம். ஆனால் கணக்குக் கேட்க வரும் தலைவர் இவற்றைத்தான் கேட்பார்.

பங்குகளுக்கும் ஒரு வேண்டுகோள். 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்திய தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாள் மே முதல் நாளன்று வருகிறது. அன்று கருவிகளை மந்திரித்து மிட்டாய் வழங்குவதோடு நிறுத்திக்கொள்ளாமல், பணியில் சேர்ந்து மூன்றாண்டுகள் நிறையாத இளையோரையும் அதே துறைகளில் நரைத்த மூத்தோரையும் ஒரு மாலை ஒன்றாக அமரச் செய்யலாம். உரை எதுவும் வேண்டா. இளையோர் தம் அச்சங்களைச் சொல்லட்டும்; மூத்தோர் கேட்கட்டும்; பிறகு தமக்குத் தெரிந்ததைச் சொல்லித்தரட்டும். அடுத்த ஞாயிறு பொது மன்றாட்டில், வேலை தேடுவோருக்காக மன்றாடும் வரிக்கு அடுத்ததாக, வேலை கிடைத்தவர்கள் அதில் வளரவும் வேண்டிக்கொள்வோம்.